மாங்காய் லோடு டிசம்பரில் வருமா? எக்செல் தேதியில் நடக்கும் தவறுகள்

கிருஷ்ணகிரி மண்டியில் மாங்காய் வரத்தை மாதவாரியாகப் பிரிக்க தேதியிலிருந்து மாதம், வருடம், நாளைத் தனியே எடுத்துத் தரும் எக்செலின் மன்த் (MONTH), இயர் (YEAR), டே (DAY) ஃபங்ஷன்களே போதும். தப்பு பெரும்பாலும் நாம் கொடுக்கும் தேதியில்தான் இருக்கும்.

பெரிய வில்லங்கம் நாளும் மாதமும் இடம் மாறுவது. கம்ப்யூட்டரின் ரீஜன் அமைப்பு அமெரிக்காவாக இருந்தால், 12-06-2024 டிசம்பர் 6 ஆகிவிடும். டிசம்பரில் ஏது செந்தூரா மாங்காய்? உடனே பிடித்துவிடலாம். ஆனால் 05-06-2024 மே 6 ஆனால் யாருக்கும் சந்தேகம் வராது, மே மாதமும் சீசன்தானே! 13-06-2024 போன்றவற்றில் 13-வது மாதம் இல்லாததால் அவை வெறும் எழுத்தாகச் செல்லின் இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். மன்த் போட்டால் வேல்யூ (#VALUE!) பிழை காட்டும். அந்தப் பிழை வந்த வரிகளை மட்டும் திருத்திவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. சத்தமில்லாமல் மாறியவை அப்படியே கிடக்கும். ரீஜனை இந்தியாவுக்கு மாற்றி, மூல ஃபைலை நாள்-மாதம்-வருடம் என்ற வரிசையில் மறுபடி இறக்குவதே சரி.

காலி செல்லுக்கு மன்த் போட்டால் 1 வரும், இயர் போட்டால் 1900. ஜனவரி லோடு என்று ஒன்று முளைத்தால் தேதி எழுதாத சீட்டுகளைத் தேடுங்கள்.

எழுத்துகளை வெட்டி எடுக்கும் லெஃப்ட் (LEFT), மிட் (MID) ஃபங்ஷன்களை வைத்து தேதியை வெட்டுவது வீண் வேலை. எக்செலுக்குத் தேதி என்பது வெறும் எண். 2024 ஜூன் 5 என்பது 45448. லெஃப்டில் இரண்டு எழுத்து கேட்டால் 45 தரும்.

இயர் போட்டதும் 16-07-1905 என்று வந்தால் பதற வேண்டாம். விடை 2024தான், செல்லின் ஃபார்மேட்டை ஜெனரலுக்கு மாற்றினால் போதும்.

புளி வியாபாரிகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தர்மபுரிப் பக்கம் புளி பிப்ரவரி, மார்ச்சில் வரும்; நிதியாண்டோ ஏப்ரலில்தான் தொடங்கும். வெறும் இயர் போட்டால் 2025 மார்ச் கணக்கு 2025-26இல் போய் விழும். தேதி A2 செல்லில் இருந்தால், அதிலிருந்து மூன்று மாதம் பின்னால் போய் வருடத்தை எடுங்கள்: =YEAR(EDATE(A2,-3)). 2024 என்று வரும், அதாவது 2024-25.