கேஸ் கணப்பின் சுவிட்சை மாற்றுவதற்கு முன்

கனடா, அமெரிக்கா வீடுகளில் கண்ணாடிக்குப் பின்னால் எரியும் கேஸ் கணப்பைப் பெரும்பாலும் சுவரில் உள்ள ஒரு சாதாரண சுவிட்ச்தான் இயக்குகிறது. பார்வைக்கு அது விளக்குச் சுவிட்சேதான். அந்தத் தோற்றத்தை நம்பி, அறையின் சூட்டைப் பார்த்துக் கணப்பைத் தானாகப் போட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட் ஏதோ ஒன்றைக் கடையிலிருந்து வாங்கி வந்து மாட்டுவதுதான் இந்த வேலையில் முதல் தவறு; மிகப் பெரிய தவறும் அதுவே.

பழைய கணப்புகளில் பெரும்பாலானவை மில்லிவோல்ட் வகை. கணப்பைப் பற்றவைக்க எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சிறு சுடரான பைலட்டின் சூட்டில் நிற்கும் தெர்மோபைல் என்ற சிறு உலோகத் தண்டு அந்தச் சூட்டிலிருந்தே மின்சாரம் தயாரிக்கிறது. அது ஒரு வோல்ட்டைக்கூட எட்டாது; 750 மில்லிவோல்ட் அளவுக்கு வடிவமைக்கப்பட்டது. கேஸ் வால்வைத் திறக்க அது போதும். சுவர் சுவிட்ச் அந்தச் சொற்ப மின்சாரத்துக்கு வழிவிடுகிறது, அவ்வளவுதான். சுவரின் அடியோரமாகப் பொருத்தும் மின்சார பேஸ்போர்டு ஹீட்டருக்கான தெர்மோஸ்டாட்டை இங்கே மாட்டி 120 வோல்ட்டைச் செலுத்தினால் வால்வு கருகிவிடும். 24 வோல்ட்டை எதிர்பார்க்கும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டுக்கோ இங்கே உயிரே வராது. பெட்டியின் மேல் 'மில்லிவோல்ட்டுக்குப் பொருந்தும்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து, பேட்டரியில் ஓடும் ஒன்றை வாங்க வேண்டும்.

சுவர்ப் பலகையைக் கழற்றினால் இரண்டு மெல்லிய வயர்கள் மட்டும் தெரிந்தால் அது குறைந்த மின்னழுத்தச் சுற்றாக இருக்கலாம். கண்ணால் கண்டதை மட்டும் நம்பாமல் மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரால் சோதித்துவிடுவது நல்லது. கணப்பின் மின்விசிறிக்கான 120 வோல்ட் சுவிட்ச் பக்கத்திலேயே இருக்கும் வீடுகளும் உண்டு. ஆகவே பிரேக்கரை அணைக்காமல் பலகையைத் திறக்கக் கூடாது.

இவ்வளவு குறைந்த மின்சாரம் என்பதால், வீட்டு விளக்குக்குப் பொருட்டே இல்லாத இழப்புகூட இங்கே பெரிதாகிவிடும். மெல்லிய டெலிபோன் வயரை நீளமாக இழுத்தாலோ, இணைப்பு தளர்வாக இருந்தாலோ, சுவிட்சின் உள்ளே அழுக்குப் படிந்தாலோ கணப்பு பற்றாது. பற்றினாலும் பாதியில் அணையும். விளக்கொளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரும், இண்டிகேட்டர் விளக்கு வைத்த சுவிட்சும் இங்கே ஆகவே ஆகாது.

வால்வில் வயர் இணைக்கும் மூன்று முனைகள் இருக்கும்: டி.ஹெச். (TH), டி.பி. (TP), இரண்டுக்கும் பொதுவான டி.ஹெச்./டி.பி. (TH/TP). சுவரிலிருந்து வரும் வயர்கள் டி.ஹெச். முனைக்கும் பொது முனைக்கும் போக வேண்டும். தெர்மோபைல் இருக்கும் டி.பி.யில் தவறிச் செருகிவிட்டால், சுவிட்சைப் போட்டதும் தெர்மோபைல் ஷார்ட் ஆகி, சிறிது நேரத்தில் பைலட்டே அணைந்துவிடும். 'சுவிட்சைப் போட்டால் பைலட் போய்விடுகிறது' என்று யாராவது புலம்பினால் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

ரிமோட் வைப்பவர்கள் பழைய சுவிட்சையும் அப்படியே இணைப்பில் விட்டுவிடுவதுண்டு. அது ஆனில் கிடந்தால் ரிமோட்டை எத்தனை முறை அழுத்தினாலும் தீ அணையாது. ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரை எரிபெட்டிக்கு ஒட்டி வைப்பதும் தவறு; சூட்டில் பேட்டரியும் பெட்டியும் கெட்டுப்போகும்.

பைலட் நிரந்தரமாக எரியாத புதிய எலக்ட்ரானிக் வகைக்கு மேலே சொன்ன முனைக் கணக்கு பொருந்தாது. அதற்குத் தயாரிப்பாளர் குறிப்பிடும் கட்டுப்பாட்டுக் கருவியை மட்டும் வாங்குங்கள்.

தெர்மோஸ்டாட் வைக்கும் முன் கணப்பின் உள்ளே இருக்கும் தகட்டையும் படியுங்கள். அலங்காரத்துக்கு மட்டும் என்று சான்று பெற்ற கணப்பைத் தெர்மோஸ்டாட்டிடம் ஒப்படைக்கக் கூடாது. அது ஆள் பார்வையில் எரிய வேண்டியது. ஹீட்டராகச் சான்று பெற்றதற்கே தானியங்கிக் கட்டுப்பாடு தகும். அப்போதும் கண்ணாடியின் சூட்டை மறக்க வேண்டாம். 2015க்கு முன் செய்யப்பட்ட பல கணப்புகளில் கண்ணாடிக்கு முன் பாதுகாப்பு வலை இருக்காது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், தானாகப் பற்றிக்கொள்ளும் கணப்பை நான் வைக்க மாட்டேன்.

இன்னொன்று: மில்லிவோல்ட் கணப்பு மின்வெட்டிலும் எரியும். 2013 டிசம்பர் பனிப்புயலில் டொரண்டோவில் லட்சக்கணக்கானோர் மின்சாரமின்றித் தவித்தார்கள். அப்படிப்பட்ட இரவுகளில் இதன் அருமை தெரியும். பிளக் பாயிண்ட்டை நம்பும் கட்டுப்பாட்டுக் கருவியை இதில் சேர்த்து அந்த வசதியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வால்வையோ கேஸ் குழாயையோ தொடும் வேலை நம்முடையது அல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதற்கு உரிமம் பெற்ற கேஸ் டெக்னீஷியன்தான் வர வேண்டும். இயற்கை எரிவாயுவுக்கும் புரொப்பேனுக்கும் அழுத்தம் வேறு. ஒன்றுக்கென அமைத்த வால்வு அப்படியே மற்றதற்கு ஆகாது. வந்தவரிடம் புகைபோக்கியையும் பார்க்கச் சொல்லுங்கள். 2008இல் ஒன்டாரியோவின் உட்ஸ்டாக் நகரில், கேஸ் கணப்பின் புகை வெளியேறும் வழி அடைபட்டதால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு பரவி, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு பேரும் இறந்துபோனார்கள். அந்த வீட்டில் அதைக் கண்டறியும் அலாரம் இல்லை. வீடுகளில் அந்த அலாரத்தைக் கட்டாயமாக்க 2013இல் அந்த மாகாணம் இயற்றிய சட்டத்துக்கு அக்குடும்பத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். புதிய ரிமோட்டுக்குப் பேட்டரி வாங்கும்போது அந்த அலாரத்துக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.