பகுதி ஒன்று முதல் ஐந்து வரை: கல்லூரிப் பொதுப் பாடங்களைப் பயனுறப் படிக்கும் முறை

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் பட்டப்படிப்பு ஐந்து பகுதிகளைக் கொண்டது. தமிழ் அல்லது மாணவர் தேர்ந்த பிறமொழி முதற்பகுதி. ஆங்கிலம் இரண்டாம் பகுதி. முதன்மைப் பாடமும் சார்புப் பாடங்களும் மூன்றாம் பகுதி. சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, பிறதுறை விருப்பப் பாடம் முதலியன நான்காம் பகுதியிலும், நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற விரிவாக்கப் பணிகள் ஐந்தாம் பகுதியிலும் அடங்கும். இவற்றுள் ‘மேஜர்’ எனப்படும் முதன்மைப் பாடத்தை மட்டும் மதித்து, ஏனையவற்றைத் தேர்வுக்கு முந்தைய இரவில் நோட்ஸ் வாசித்துக் கடந்துவிடும் பழக்கம் மாணவரிடையே வேரூன்றியிருக்கிறது. தாம் கற்ற துறையை அத்துறை அறியாத ஒருவருக்கு விளங்கும்படி எழுதவும் பேசவும் பழகுவதற்கு இப்பாடங்களே பெரும் வாய்ப்பு என்பதால், இந்தப் பழக்கத்தால் ஏற்படும் இழப்பு மதிப்பெண்ணோடு நிற்பதில்லை.

முதலில் செய்ய வேண்டியது, பருவம் தொடங்கிய வாரத்திலேயே பொதுப் பாடங்களின் பாடத்திட்டத்தைப் பெற்று, முதன்மைப் பாடத்திற்கு வைத்திருப்பது போலவே தனிக் குறிப்பேடு வைப்பது.

தமிழ்த்தாளுக்குக் கூடுதலாக உழைக்க வேண்டும். உரைநூலை முதலில் திறக்காதீர்கள். குறுந்தொகைப் பாட்டு ஒன்று பாடமாக இருந்தால், அது நான்கு முதல் எட்டு அடிகளுக்குள் அடங்கிவிடும். அதை இருமுறை வாய்விட்டுப் படித்து, சொற்களைப் பதம் பிரித்து, யார் யாரிடம் எந்தச் சூழலில் கூறுகிறார் என்பதை நீங்களே ஊகித்து ஒரு பத்தி எழுதுங்கள். அதன்பிறகு உரையோடு ஒப்பிட்டு, எங்கே வேறுபட்டீர்கள், ஏன் வேறுபட்டீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூலநூல்களும் உரைகளும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சில சொற்களைக் கொண்டு ஒரு சூழலை ஊகித்து, அந்த ஊகத்தைச் சான்றோடு சரிபார்க்கும் இப்பயிற்சி வேதியியல் மாணவருக்கும் வணிகவியல் மாணவருக்கும் ஒருங்கே உதவும்.

மொழிப்பயிற்சிப் பகுதியையும் ஒதுக்கிவிடக் கூடாது. ஒற்று மிகும் இடங்கள், மரபுத்தொடர், விண்ணப்பக் கடிதம் ஆகியவை வேலைத்தேர்வுகளில் மீண்டும் எதிர்ப்படுபவை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் தமிழ்த் தகுதிப் பகுதியில் 40 விழுக்காடு பெறாதவரின் பொது அறிவுப் பகுதி மதிப்பீட்டுக்கே எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. ஆங்கிலத்தாளுக்கும் இதே வழிதான்: விடையை மனப்பாடம் செய்யாமல், வாரம் ஒரு பத்தியைச் சொந்தமாக எழுதி ஆசிரியரிடம் திருத்தி வாங்குங்கள்.

சுற்றுச்சூழல் கல்வி எல்லாத் துறையினருக்கும் கட்டாயமானதற்கு சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையே அடிப்படை. பல்கலைக்கழக மானியக் குழு இதற்கென வகுத்த ஆறுமாதப் பாடத்திட்டத்தின் 50 வகுப்புகளில் 5 களப்பணிக்கு உரியவை. பல கல்லூரிகளில் இக்களப்பணி இணையத்திலிருந்து இறக்கிய படங்களை ஒட்டிய கோப்பாகச் சுருங்கிவிட்டது வருந்தத்தக்கது. உங்கள் ஊர் ஏரியையோ குப்பைக் கிடங்கையோ தேர்ந்து, அதை உங்கள் துறையின் கண்ணால் பாருங்கள். வணிகவியல் மாணவர் பேரூராட்சி குப்பை அகற்றச் செலவிடும் தொகையைக் கேட்டறியலாம்; வரலாற்று மாணவர் ஏரியின் மதகு, உபரிநீர் வழியும் கலிங்கு பற்றி முதியோரிடம் கேட்டு எழுதலாம்; விலங்கியல் மாணவர் ஒரே இடத்தில் மாதந்தோறும் பறவைகளைக் கணக்கெடுக்கலாம். ஐந்து பக்கமே ஆனாலும் நேரில் கண்டு எழுதிய அறிக்கை மேற்படிப்புச் சேர்க்கையின்போதும் நேர்முகத் தேர்விலும் நம்பிக்கையோடு பேசக் கைகொடுக்கும்.

பிறதுறை விருப்பப் பாடத்தைத் தேர்வதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். எதில் எளிதாக மதிப்பெண் கிடைக்கும் என்று மூத்த மாணவரிடம் கேட்பதைவிட, எந்த ஆசிரியர் அதிகம் எழுதச் செய்கிறார், எதில் செய்முறை உண்டு என்று கேளுங்கள். உங்கள் முதன்மைப் பாடத்திலிருந்து இயன்றவரை விலகிய துறையாக அது இருக்கட்டும். இயற்பியல் மாணவர் கணக்குப்பதிவியலின் அடிப்படையைக் கற்பது, இன்னோர் அறிவியல் தாளைக் கற்பதைவிட அவருக்குப் பின்னாளில் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.

ஐந்தாம் பகுதியை முதலாண்டிலேயே திட்டமிடுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஈராண்டுகளில் 240 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. கடைசிப் பருவத்தில் இவற்றை ஈடுகட்ட இயலாது. தேசிய மாணவர் படையில் சேர்வோர் ‘சி’ சான்றிதழ் வரை தொடர்வது நல்லது. உரிய தரத்தோடு அதைப் பெற்ற பட்டதாரிகள் எழுத்துத் தேர்வின்றியே இராணுவ அதிகாரி நேர்முகத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் சிறப்பு வழி ஒன்று உள்ளது.