இத்தாலியனில் ஒருவரை வழியனுப்புவது எப்படி?

ஒரு வாசகம் தெரிந்தால் போதும்: 'புவோன் வியாஜ்ஜோ'. பயணம் நல்லபடியாக அமையட்டும் என்று பொருள். காரோ, ரயிலோ, விமானமோ, ஊருக்குக் கிளம்புகிற யாருக்கும் சொல்லலாம்.

படி 1: உச்சரிப்பு

'புவோன்' என்பதை ஒரே மூச்சில் சொல்லுங்கள். அடுத்த சொல்லில் அழுத்தம் 'யா' மேல் விழும். 'ஜ்ஜ' இரட்டித்தே ஒலிக்க வேண்டும். பஜ்ஜி என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது கஷ்டமே இல்லை.

படி 2: யாரிடம் சொல்கிறீர்கள்?

நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். நண்பரிடம் 'ஃபாய் புவோன் வியாஜ்ஜோ'. அறிமுகமில்லாத ஒருவரிடம், மரியாதைக்குரிய ஒருவரிடம் 'ஃபாச்சா புவோன் வியாஜ்ஜோ'. பலர் சேர்ந்து கிளம்பினால் 'ஃபாத்தே புவோன் வியாஜ்ஜோ'. தமிழில் மரியாதைக்கும் பன்மைக்கும் 'நீங்கள்' ஒன்றே போதும். பொது இத்தாலியனில் இரண்டும் வேறு வேறு. ஆனால் நேப்பிள்ஸ் போன்ற தென்பகுதிகளில் பெரியவர் ஒருவரையே பன்மையில் அழைக்கும் பழக்கம் இன்னும் உண்டு. அங்கே ஒற்றை ஆளிடம் 'ஃபாத்தே' என்று கேட்டால் குழம்ப வேண்டாம்.

எதைச் சொல்வது என்று சந்தேகமா? முன்னால் எதுவும் சேர்க்காமல் வெறும் 'புவோன் வியாஜ்ஜோ' சொல்லிவிடுங்கள். அது யாருக்கும் பொருந்தும்.

படி 3: எங்கே போகிறார்?

விடுமுறைக்கு என்றால் 'புவோனே வகான்ட்ஸே'. ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்தோ விடுமுறை. அதையொட்டி ஊரே கடற்கரைக்குக் கிளம்பும்போது இதுதான் எங்கும் கேட்கும். விமானம் ஏறுபவருக்கு 'புவோன் வோலோ', வீடு திரும்புபவருக்கு 'புவோன் ரியென்த்ரோ'. வியா ஃபிரான்சிஜெனா பாதையில் ரோமை நோக்கி நடக்கும் யாத்ரீகர்களுக்கு 'புவோன் கம்மீனோ'.

'புவோனா பெர்மனென்ட்ஸா' மட்டும் வேறு ரகம். வந்து தங்குபவருக்குச் சொல்வது அது. ஹோட்டல் வரவேற்பில் உங்களிடம் சொல்வார்கள். கிளம்புகிறவரிடம் சொல்லக்கூடாது.

நெருங்கியவர் என்றால் 'ஸ்க்ரீவிமி குவாந்தோ அர்ரீவி' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்: போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடு.

படி 4: பதில்

உங்களை யாராவது வாழ்த்தினால் 'கிராட்ஸியே' என்று நன்றி சொன்னால் சரி. அவரும் பயணம் போகிறார் என்றால் மட்டும் 'அன்க்கே ஆ தே', மரியாதையாக 'அன்க்கே ஆ லேய்': உங்களுக்கும் அப்படியே. டிக்கெட் கவுன்டரில் இருப்பவரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். பாவம், அவர் எங்கும் போகவில்லை.