ஈறும் பல்லும் சேரும் இடத்தைக் கவனியுங்கள்

பல்லைச் சுற்றியுள்ள ஈறு, பல்லின் மேல் வெறுமனே படிந்திருக்கும் சதை அன்று. அதன் விளிம்பு ஒரு சட்டைக் காலரைப் போலப் பல்லைத் தழுவி நிற்க, அதற்குக் கீழுள்ள பகுதி தாடை எலும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது. விளிம்புக்கும் பல்லுக்கும் இடையே ஒரு குறுகிய பள்ளம் உண்டு. ஆரோக்கியமான வாயில் அதன் ஆழம் பொதுவாக 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். பள்ளத்தின் அடியில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று பல்லின் மேற்பரப்போடு ஒட்டிக்கொண்டு, கிருமிகள் வேரையும் எலும்பையும் நெருங்காதபடி முத்திரை வைத்தாற்போல் காக்கிறது. அங்கே கசியும் திரவத்தில் வெள்ளணுக்களும் காவலுக்கு இருக்கின்றன.

பல் துலக்கும்போது பலர் பல்லின் நடுப்பகுதியை மட்டுமே தேய்த்துவிட்டு, அழுக்குப் படலம் சேரும் இந்த விளிம்பை விட்டுவிடுகிறார்கள். மென்மையான பிரஷை ஏறத்தாழ 45 பாகை சாய்த்து, அதன் இழைகள் ஈறு விளிம்பைத் தொடும்படி வைத்து, அழுத்தாமல் சிறு அசைவுகளாகத் துலக்க வேண்டும். பல்லிடுக்குகளுக்குப் பல்நூல் தேவை. இரத்தம் கசிகிறதே என்று அஞ்சி அந்த இடத்தைத் துலக்காமல் விடுவதுதான் பெரும் தவறு, ஏனெனில் கசிவு பெரும்பாலும் அங்கே படலம் தங்கியிருப்பதன் அறிகுறியே.

ஈறு கருமையாக இருப்பது பலருக்கு இயல்பான நிறமே, நோயன்று. வீக்கமோ கசிவோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் பல் மருத்துவரைப் பாருங்கள். புகைபிடிப்பவர்களுக்கு ஈறு நோய் இருந்தும் கசிவு குறைவாகத் தெரியலாம்.