கிரைண்டர், சாண்டர், பாலிஷர்: எந்த வேலைக்கு எந்த வேகம்?

வேகம் மாற்றும் டயலில் 1 முதல் 6 வரை எண் போட்டிருக்கும். எதில் வைப்பது என்று யோசிக்கும் முன் டிஸ்க்கைக் கையில் எடுங்கள்.

படி 1: டிஸ்க்கில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்

125 மிமீ வெட்டு டிஸ்க்கில் பெரும்பாலும் 12,200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று), 80 மீ/வி (விளிம்பு விநாடிக்கு ஓடும் மீட்டர்) என்று இருக்கும். அது உச்ச வரம்பு. எதையும் தொடாமல் வெறுமனே ஓடும்போது மெஷினின் வேகம் அதைத் தாண்டக் கூடாது. நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

படி 2: விளிம்பு வேகத்தைக் கணக்கிடுங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். பொருளைத் தேய்ப்பது டிஸ்க்கின் விளிம்பு. ஆர்பிஎம் மாறாவிட்டாலும் விட்டம் பெருகினால் விளிம்பு வேகமும் பெருகும். கணக்கு சுலபம்: விட்டத்தை (மிமீ) ஆர்பிஎம்மால் பெருக்கி 19,100-ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும்.

125 மிமீ, 11,000 ஆர்பிஎம்: 72 மீ/வி. சரி.
180 மிமீ, அதே 11,000: கிட்டத்தட்ட 104 மீ/வி. 80-க்குச் செய்த டிஸ்க் சிதறலாம்.

சின்ன மெஷினின் பாதுகாப்பு உறையைக் கழற்றிவிட்டுப் பெரிய டிஸ்க் மாட்டுவதை எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள். டிஸ்க் உடைந்தால் தடுக்க வேண்டியதே அந்த உறைதான்.

பெஞ்ச் கிரைண்டரில் இது தலைகீழாக நடக்கும். 150 மிமீ கல் தேய்ந்து 120 ஆனால் விளிம்பு வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கல் முன்போல வெட்டாததற்கும் சீக்கிரம் கரைவதற்கும் இதுவே காரணம்.

படி 3: பொருளைப் பார்த்து இறக்குங்கள்

இரும்பை வெட்டவும் வெல்டிங் தையலைத் தேய்க்கவும் முழு வேகம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் குறையுங்கள். வைக்கோல் நிறம் தோன்றினால் சூடு ஏறுகிறது, நீலமானால் தாமதித்துவிட்டீர்கள். வெறும் மரத்தில் சொரசொரப்பான உப்புத்தாளுக்கு வேகம் கூட்டலாம். பழைய பெயின்ட்டுக்குக் குறைவுதான். சூட்டில் இளகித் தாளை அடைத்துவிடும். அக்ரிலிக் உருகும், டயலின் அடிமட்டத்திலேயே ஓட்டுங்கள்.

கார் பெயின்ட்டில் ரோட்டரி பாலிஷரை 600 ஆர்பிஎம்மில் வைத்துக் காம்பவுண்டை (பாலிஷ் பசையை) பரப்பி, பிறகு 1,000 முதல் 1,500 வரை ஏற்றுங்கள். மடிப்பு விளிம்புகளில் பெயின்ட் மெல்லிசு, அங்கே மறுபடி இறக்குங்கள். 11,000-இல் ஓடும் கிரைண்டரில் பஞ்சு பேட் மாட்டிப் பாலிஷ் போடவே கூடாது. வேகம் மாற்றும் தனி பாலிஷர் வாங்குவதே என் பரிந்துரை.

படி 4: கையைத் தளர்த்துங்கள்

ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டரின் (பேட் அதிர்ந்தபடியே சுற்றும் சாண்டர்) பேட் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். வேலை செய்யும்போது கோடு மெதுவாகச் சுற்றி வர வேண்டும். நின்றுவிட்டால் அழுத்தம் அதிகம். சுருள் கீறல் விழும். அப்போது டயலை ஏற்றாதீர்கள், கை அழுத்தத்தைக் குறையுங்கள்.

பின்சேர்க்கை: ஃபேன் ரெகுலேட்டர் போட்டு வேகத்தைக் குறைக்கலாமா?

பெஞ்ச் கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். மின்னழுத்தத்தைக் குறைத்தால் அதன் சுழற்றும் விசை போகும், உள்ளிருக்கும் கம்பிச்சுருள் சூடேறும், வேகம் ஒழுங்காகக் குறையாது. கார்பன் பிரஷ் உள்ள ஆங்கிள் கிரைண்டரில் வேகம் குறையும். ஆனால் குளிர்விக்கும் விசிறியும் அதே தண்டில்தான் இருக்கிறது. மெதுவாக ஓட்டிக்கொண்டே அழுத்தினால் காற்று போதாமல் சுருள் கருகும். ஃபேன் ரெகுலேட்டர் அந்த அளவு மின்னோட்டத்தைத் தாங்கவும் தாங்காது.