ஆர்வியில் டிவி தெரிய வைப்பது எப்படி: முதலில் அந்தப் பச்சை விளக்கைப் பாருங்கள்

ஆர்வி என்கிற வீட்டு வண்டியில், டிவிக்குப் பின்னால், அலமாரிச் சுவரில், ஒரு சின்ன பிளேட் இருக்கும். அதில் கேபிள் திருகும் இடம் ஒன்று, 12 வோல்ட் சாக்கெட் ஒன்று, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் பக்கத்தில் மிளகு அளவில் ஒரு பச்சை விளக்கு எரியும். அமெரிக்காவில் ஓடுகிற பழைய ஆர்விகளில் பாதி டிவிப் பிரச்சினை இந்த மிளகு விளக்கில்தான் இருக்கிறது என்பது என் கணக்கு.

எனக்கு இது தெரிய இரண்டு மணி நேரம் ஆனது. எங்களுடையது 28 அடி, கிளாஸ் சி (வேன் முகப்பு வைத்த வகை), கை மாறி வந்த வண்டி. டாலஸில் வாங்கி, தொண்டியிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்த அப்பாவையும் ஏற்றிக்கொண்டு அமரில்லோ பக்கம் கிளம்பினோம். முதல் ராத்திரி ஒரு தனியார் ஆர்வி பார்க். கரண்ட் கம்பத்திலேயே கேபிள் இணைப்பும் இருந்தது. மாட்டினேன், ஸ்கேன் போட்டேன், பூஜ்யம் சேனல். கேபிளை மாற்றினேன், மறுபடி பூஜ்யம். அடுத்த இடத்தில் நாயோடு உட்கார்ந்திருந்த பாட்டி எழுந்து வந்து, "பூஸ்டரை அணைச்சியாம்மா?" என்கிற அர்த்தத்தில் ஒரு கேள்வி கேட்டார். அணைத்தேன். அறுபது சொச்சம் சேனல் வரிசையாக வந்து விழுந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, மீசைக்குள் சிரித்தார்.

விஷயம் இதுதான். அந்தப் பொத்தான் வெறும் ஆன்-ஆஃப் இல்லை, வழி மாற்றுகிற சாவி. விளக்கு எரிந்தால், கோஆக்ஸ் என்கிற டிவி வயர் வழியாக 12 வோல்ட் மேலே ஏறி, கூரை ஆண்டெனாவின் தலைக்குள் இருக்கும் பூஸ்டரை, அதாவது சிக்னலைப் பெருக்கும் கருவியை, உயிர்ப்பிக்கும். டிவிக்கு வருவது ஆண்டெனா சிக்னல். விளக்கு அணைந்தால், வண்டிக்கு வெளியே நீங்கள் மாட்டிய பார்க் கேபிள் டிவிக்கு வரும். ஆண்டெனா வேண்டுமா, விளக்கு எரியணும். கேபிள் வேண்டுமா, அணையணும். படுக்கையறை டிவியும் பெரும்பாலும் இதே பிளேட் வழியாகத்தான் போகும், அதனால் அங்கே தெரியவில்லை என்றாலும் இங்கேதான் பார்க்க வேண்டும். அதோடு டிவியின் மெனுவிலும் 'ஆண்டெனா'வா 'கேபிள்'ஆ என்று தனியாக ஒரு தேர்வு உண்டு. இரண்டும் ஒத்துப்போகாமல் எத்தனை தடவை ஸ்கேன் போட்டாலும் வீண்.

இனி ஆண்டெனா. வௌவால் சிறகு மாதிரி கூரையில் படுத்திருக்கும், கைப்பிடி சுற்றித் தூக்கும் வகை (வைன்கார்டு சென்ஸார் போன்றவை) இருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு பளபளப்பான வட்டத் தட்டு ஆண்டெனா வாங்காதீர்கள். வட்டத் தட்டில் திருப்புகிற வேலை இல்லைதான். ஆனால் சிறகின் அகலத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 2009 ஜூன் 12-க்குப் பிறகு பெரிய நிலையங்கள் எல்லாம் டிஜிட்டல் ஆயின. நிறைய நிலையங்கள் யுஎச்எஃப் என்கிற உயர் அலைவரிசைக்குப் போய்விட்டன, ஆனால் எல்லாம் போகவில்லை. டாலஸில் 8-ஆம் எண் நிலையம் இன்னமும் விஎச்எஃப் என்கிற கீழ் அலைவரிசையில் 8-லேயே ஒளிபரப்பாகிறது. அதே ஊரில் 4 என்று திரையில் காட்டும் நிலையம் உண்மையில் யுஎச்எஃப் 35. திரையில் தெரியும் எண்ணை நம்பி ஆண்டெனா வாங்கக் கூடாது. விஎச்எஃப் அலை நீளமானது, அதைப் பிடிக்க அகலமான கை வேண்டும்.

எந்தப் பக்கம் திருப்புவது? எஃப்சிசி (அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம்) தளத்தில் டிடிவி, அதாவது டிஜிட்டல் டிவி, வரைபடம் இருக்கிறது. நிற்கும் இடத்தின் முகவரியைப் போட்டால், எந்த நிலையம், எத்தனை மைல், எந்தத் திசை, எந்த அலைவரிசை என்று வந்துவிடும். டாலஸ் சுற்றுவட்டாரம் என்றால் கோபுரங்கள் கூட்டமாக சீடர் ஹில்லில் நிற்கின்றன, ஒரே திசைக்குத் திருப்பினால் போதும். பல ஊர்களில் இந்தச் சௌகரியம் கிடையாது.

திருப்புவதில் அப்பாவுக்கு எங்களைவிட அனுபவம் அதிகம். எண்பதுகளில் தொண்டியில் எங்கள் மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்தவர். "தெரியுதா?" "இல்லப்பா, புள்ளி புள்ளியா இருக்கு." "இப்ப?" என்று அரை மணி நேரம் நடக்கும். ஆர்விக்குள்ளும் அதே குரலில் ஆரம்பித்தார். ஆனால் அந்தப் பழக்கம்தான் இங்கே கெடுத்தது. அனலாக்கில் சிக்னல் பக்கத்தில் வரும்போதே புள்ளிகள் குறைந்து வழி காட்டும். டிஜிட்டலில் அந்த மழை கிடையாது. ஒன்று கண்ணாடி மாதிரி தெரியும், இல்லை கட்டம் கட்டமாக உடையும், இல்லை ஒன்றுமே இருக்காது. அதிலும் டியூனர் பிடித்துக் காட்டச் சில வினாடி எடுக்கும். அதற்குள் அப்பா அடுத்த இடத்துக்குத் திருப்பியிருப்பார். கடைசியில் ஓர் ஒப்பந்தம் போட்டோம்: கடிகாரத்தின் சின்ன முள் அரை மணி நேரத்தில் நகரும் அளவுக்குத் திருப்புவது, பத்து வரை எண்ணுவது, நான் மெனுவில் சிக்னல் அளவைப் படித்துச் சொல்வது. நல்ல இடம் கிடைத்ததும்தான் முழு ஸ்கேன். ஊர் மாறும்போதெல்லாம் புதிய ஸ்கேன் வேண்டும், பழைய பட்டியல் உதவாது.

சமவெளியில் நாற்பது, ஐம்பது மைல் வரை தாராளமாக வரும். மறுநாள் பாலோ டுரோ பள்ளத்தாக்கில் இறங்கினோம். சுமார் 800 அடி பள்ளம். அங்கே ஆண்டெனாவுக்கு வேலையே இல்லை. சுவரைத் தாண்டி அலை வராது, பூஸ்டர் எவ்வளவு ஊதினாலும் இல்லாததை ஊத முடியாது.

கேபிள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பார்க் தரும் வயரை நம்பாமல் சொந்தமாக 25 அடியும் 50 அடியும் ஆர்ஜி-6 (கொஞ்சம் தடித்த கோஆக்ஸ்) வயர் வைத்திருங்கள். பழைய வண்டிக்குள் ஓடுவது மெல்லிய ஆர்ஜி-59 ஆக இருக்கலாம், நல்ல சிக்னலையே கொஞ்சம் தின்னும். திருகும் முன் நடுவில் இருக்கும் செம்பு ஊசி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேனில் ஒன்றும் வரவில்லை, பொத்தானும் அணைந்தே இருக்கிறது என்றால், பார்க் ஆபீசில் போய் கேபிள் பெட்டி (செட்-டாப் பாக்ஸ்) வேண்டுமா என்று கேளுங்கள். 2012-லிருந்து கேபிள்காரர்கள் அடிப்படைச் சேனல்களையும், பெட்டி இல்லாமல் தெரியாதபடி, பூட்டிக்கொள்ள அனுமதி உண்டு. மாநிலப் பூங்காக்களில் பொதுவாகக் கேபிளே இருக்காது.

டிஷ். அப்பாவுக்குக் கிரிக்கெட், அதாவது வில்லோ சேனல் வேண்டும். அதனால் தரையில் வைக்கும் வெள்ளைக் குண்டு ஒன்று வாங்கினோம், குடத்தைக் கவிழ்த்த மாதிரி. டிஷ் நெட்வொர்க் என்கிற கம்பெனியின் சேவைக்கு. அது தானே சுற்றித் தேடிக்கொள்ளும். ஆனால் மரத்தைத் துளைத்துப் பார்க்காது. இலை அடர்ந்த ஒரு கிளை போதும், படம் போய்விடும்.

இடம் பார்க்கும் முறை: டிஷ் நெட்வொர்க்கின் மேற்குத் தொகுப்புச் செயற்கைக்கோள்கள் 110, 119, 129 பாகை மேற்கில் நிற்கின்றன. டெக்சஸிலிருந்து பார்த்தால் தெற்கிலிருந்து தென்மேற்கு வரை, அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 40 முதல் 50 பாகை உயரம். கையை முழுசாக நீட்டி முஷ்டி மடக்கினால் ஒரு முஷ்டி பத்துப் பாகை. அடிவானத்திலிருந்து முஷ்டிமேல் முஷ்டி அடுக்கி நாலாவது, ஐந்தாவது முஷ்டி போகிற வானம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான். போன் திசைகாட்டியை வண்டியிலிருந்து நாலு எட்டு தள்ளி நின்று பாருங்கள், இரும்பு பக்கத்தில் அது பொய் சொல்லும். வடகிழக்கே மெய்ன் வரை போனால் இதே 110 வெறும் 24 பாகை உயரத்துக்கு இறங்கிவிடும், எதிரில் இருக்கும் மரமெல்லாம் எதிரி. அங்கே கிழக்குத் தொகுப்பு, 61.5 பாகை, பரவாயில்லை. 38 பாகை உயரம் கிடைக்கும். ஆனால் உங்கள் குண்டு கிழக்குத் தொகுப்பையும் பிடிக்கிற மாடலா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலோ டுரோவில் தெற்குப் பக்கச் சுவர் தூரத்தில் இருந்ததால் ஆண்டெனா கைவிட்ட இடத்தில் டிஷ் வந்தது. அப்பா டீயோடு மேட்ச் பார்த்தார், நான் தூங்கினேன்.

டிஷ் வயரை அந்தப் பச்சை விளக்கு பிளேட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், ஸ்பிளிட்டருக்கும் (ஒரு வயரை இரண்டாகப் பிரிக்கும் துண்டு) வேண்டாம். டிவி பக்கத்தில் இருக்கும் டிஷ் பெட்டி, அதாவது ரிசீவர்தான் அந்த வயர் வழியே டிஷ்ஷுக்குக் கரண்ட் அனுப்புகிறது, நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. வண்டி வெளிப்பக்கப் பெட்டியில் 'சாட்' (சாட்டிலைட்) என்று எழுதிய தனித் துளை இருந்தால் அது நேரே ரிசீவர் பக்கம் போகும். எந்த வயர் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் டார்ச்சும் மாஸ்கிங் டேப்பும் எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேர் ஒட்டுங்கள். வீட்டு முகவரியிலிருந்து வெகுதூரம் போனால் உள்ளூர் சேனல்கள் மட்டும் காணாமல் போகும். அது பழுது இல்லை, அவற்றைத் தரும் கதிர் அந்தந்த வட்டாரத்தை மட்டும் பார்த்து விழுகிறது. ஆபரேட்டரிடம் சொல்லி முகவரியை மாற்றிக்கொள்ளலாம், அல்லது அந்த நேரம் கூரை ஆண்டெனாவுக்கு மாறிக்கொள்ளலாம். குண்டுக்குச் சங்கிலிப் பூட்டு போடுங்கள்.

கிளம்பும் காலை. ஆண்டெனாவை இறக்கும் முன், வண்டிக்குள் மேலே, கூரைத் தட்டில் இருக்கும் அம்பும் கைப்பிடியில் இருக்கும் அம்பும் நேருக்கு நேர் வருமாறு திருப்ப வேண்டும், பிறகுதான் சுற்றி இறக்க வேண்டும். கோணலாக இறக்கினால் சிறகு கூரையில் எதிலாவது முட்டி ஒடியும். ஆண்டெனா மேலே இருக்கும் வரை அப்பாவின் சிவப்புத் துண்டு ஸ்டீயரிங்கில் தொங்கும், இறக்கியவர்தான் அதை எடுக்கலாம். மூன்று வருஷமாக ஆண்டெனா ஒடியவில்லை. பார்க் கேபிளுக்கு மட்டும் அப்படி ஒரு துண்டு வைக்க மறந்து, ஒரு தடவை 25 அடி வயரை கம்பத்திலேயே விட்டு இழுத்துக்கொண்டு கிளம்பினோம். இப்போது சாவி வளையத்தில் ஒரு துண்டு நீல ரிப்பன் இருக்கிறது, அது கேபிளுக்கு.