செவ்விளநீர் மரத்திலிருந்து கலப்பினத் தென்னங்கன்று எடுக்கும் முறை

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை வட்டாரங்களில் வீட்டுப் பொடக்காளியில் (கொல்லைப்புறத்தில்) குட்டைத் தென்னை வகையான செவ்விளநீர் மரம் ஒன்று நிற்பதும், வேலிக்கு அப்பால் நெட்டைத் தென்னந்தோப்பு தொடங்குவதும் வழக்கமான காட்சியாகும். இவ்வாறு அமைந்த வீட்டினர் கலப்பினக் கன்றுக்காக வெளியில் அலைய வேண்டியதில்லை. குட்டை தாயாகவும் நெட்டை தந்தையாகவும் அமையும் கன்றை அந்த ஒரு மரத்தின் காயிலிருந்தே எடுத்துவிடலாம். நெட்டையைத் தாயாகக் கொண்ட கலப்பினங்களும் உண்டு, வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.எச்.சி. (வேப்பங்குளம் கலப்பினத் தென்னை) ரகங்கள் அவ்வகையைச் சேர்ந்தவை. ஆனால் நெட்டை மரத்தின் உச்சியில் அமர்ந்து பாளையில் வேலை செய்வது வீட்டுத்தோட்டக்காரருக்கு ஏற்றதன்று. சீக்கிரமே காய்த்துவிட்டது என்று அடுத்த தோட்டத்துக் கலப்பின மரத்தின் நெற்றை வாங்கி முளைக்கப் போடுவதும் பயன் தராது. அதன் கன்றுகள் ஒன்றுபோல் வராமல், குட்டையும் நெட்டையும் இடைப்பட்டதுமாகப் பிரிந்துவிடும்.

குட்டை மரத்தில் ஆண் பூக்கள் மகரந்தம் சிந்தும் காலமும் குரும்பைகள், அதாவது பெண் பூக்கள், அதை ஏற்கும் காலமும் பெருமளவு ஒன்றாக வருவதால், அது பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்பிடிக்கிறது. இதைத் தடுப்பதுதான் முதல் வேலை. பாளை தானாக வெடிப்பதற்கு ஓரிரு நாள் முன்பே அதன் உறையைக் கத்தியால் கீறிப் பிரித்து, ஒவ்வொரு கதிரிலும் குரும்பைக்கு மேலுள்ள பகுதியை நறுக்கிவிட்டு, அடிப்பகுதியில் மிஞ்சியிருக்கும் ஆண் பூக்களை விரலால் உருவி எடுக்க வேண்டும். குரும்பையின் இரு பக்கமும் ஒட்டியபடி ஆண் பூக்கள் இருக்கும். அவசரத்தில் கண்ணுக்குத் தப்புபவை அவைதாம். அடுத்த பாளையும் இடையில் விரிந்தால் அதன் ஆண் பூக்களையும் நீக்கிவிடுவது நல்லது. அதன்பின் காற்றும் தேனீயும் தோப்பிலிருந்து நெட்டை மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். குலையின் காம்பில் ஒரு வண்ணக் கயிற்றைக் கட்டி வைத்தால், பதினொரு மாதம் கழித்து எந்தக் குலை என்ற குழப்பம் வராது.

நன்கு முற்றிய 11 அல்லது 12 மாதக் காய்களைக் கயிற்றில் கட்டி இறக்கி, குலுக்கிப் பார்த்து நீர் ஓசை கேட்காதவற்றைத் தள்ளிவிட வேண்டும். நெட்டை நெற்றை இரண்டு மாதம் வரை நிழலில் மணலுக்குள் வைத்திருக்கலாம். குட்டை மரத்துக் காயில் நீர் விரைவில் வற்றிவிடும் என்பதால் உடனே நட்டுவிடுவது நலம். அரை நிழலான இடத்தில் மணல் கலந்த பாத்தி அமைத்து, ஓர் அடி இடைவெளியில், காயின் மூன்று பக்கங்களில் அகலமான பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைத்து, மேற்பரப்பு சற்றுத் தெரியுமளவுக்கு மணலால் மூட வேண்டும். பாத்தியின் ஈரம் காயக் கூடாது. முதலில் முளைப்பவையே பெரும்பாலும் வலுவாக வளர்கின்றன. ஐந்து மாதம் கடந்தும் முளைக்காதவற்றை எடுத்துவிடலாம்.

இனி வருவதே இம்முறையின் உயிரான பகுதி. முளை வெளிவந்து இரண்டு மூன்று இலைகள் விரிந்ததும் இலைக்காம்பின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். அது தாய் மரத்தைப் போலவே ஆரஞ்சு நிறமாக இருந்தால், அந்தக் கன்று தன் மகரந்தத்தில் பிறந்த செவ்விளநீரே ஆகும். பச்சை கலந்த பழுப்பு நிறம் தெரிந்தால், அதில் நெட்டையின் கலப்பு ஏறியிருக்கிறது. ஆண் பூ நீக்காமல் விட்ட குலையிலும் இத்தகைய இயற்கைக் கலப்புக் கன்றுகள் ஒன்றிரண்டு கிடைப்பதுண்டு. ஆனால் பச்சைக் குட்டை மரம் அருகில் இருந்தால் இந்த அடையாளம் ஏமாற்றிவிடும். தாயே பச்சைக் குட்டையாக இருந்தால் நிறம் உதவவே உதவாது, வளர்ச்சியின் வேகத்தைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

தேர்ந்த கன்றை 9 முதல் 12 மாதத்தில், கழுத்துச் சுற்றளவு (தண்டின் அடிப்பகுதிச் சுற்றளவு) 10 செ.மீ. அளவிலும் ஆறு இலைகளுடனும் இருக்கும்போது நடலாம். மூன்றடி நீள, அகல, ஆழமுள்ள குழியின் அடியில் தேங்காய் மட்டைகளை உட்புறம் மேல்நோக்க அடுக்கினால் ஈரம் தங்கும். அதன்மேல் மேல்மண், தொழு உரம், மணல் ஆகியவற்றைச் சமமாகக் கலந்து இரண்டடி உயரம் நிரப்பி நட வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வீசும் காற்று இளங்கன்றை அசைத்து வேரைத் தளர்த்தும் என்பதால், மேற்குப் பக்கம் பின்னிய தென்னங்கீற்றால் தட்டி கட்டுவது அவசியம். மரத்துக்கு மரம் 25 அடி இடைவெளி வேண்டும். சிறிய மனையில் இரண்டு கன்றுகளை நெருக்கி நடுவதைவிட ஒன்றை நன்றாக வளர்ப்பதே மேல்.

குட்டைத் தாயின் கலப்பினம் வறட்சியைத் தாங்காது. கோடையில் கிணறோ ஆழ்துளைக் கிணறோ வற்றும் வீடுகளில் நெட்டையையே நடுமாறு சொல்வேன். 2016-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பகுதியில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈயும் குட்டையையும் கலப்பினத்தையும் அதிகம் நாடுகிறது. அதற்குப் பூச்சிக்கொல்லி தெளித்தால் அதை அழிக்கும் என்கார்சியா என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவிகளும் மடிந்துவிடும். கீற்றின் அடிப்புறத்தில் தண்ணீரை விசையாகப் பீய்ச்சுவதும் மஞ்சள் ஒட்டுத்தாள் கட்டுவதும் போதும். காண்டாமிருக வண்டுக்கு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து, குருத்தை அடுத்த மூன்று மட்டைகளின் இடுக்கில் இட்டு வர வேண்டும்.